50 பைசா பாக்கி

சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்கு இப்போது காசு கிடையாது. நடத்துநர் கையில் இருக்கும் மிஷினைத் தட்டுகிறார், பூஜ்ஜியம் போட்ட சீட்டு ஒன்று சுருண்டு வெளியே வருகிறது, வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆண்களும் பாதிப் பேர் செல்போனைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறார்கள். சில்லறைச் சண்டை ஓய்ந்துபோன அந்தப் பேருந்தில், சைதாப்பேட்டையில் ஏறி உட்கார்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் கேட்டார்: "முன்னெல்லாம் டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கி எழுதித் தருவாங்க, தெரியுமாம்மா?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை. சில்லறை இல்லாதபோது நடத்துநர் காதில் செருகிய பேனாவை எடுத்து, டிக்கெட்டின் முதுகில் தர வேண்டிய தொகையைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். இறங்குமுன் நினைவாகக் கேட்டு வாங்க வேண்டும். மறந்து இறங்கிவிட்டால் போனதுதான்.

செவிலியருக்கு அப்படி ஒரு பாக்கி இன்னும் வரவேண்டியிருக்கிறது. எந்தப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கிலும் அது கிடையாது.

எண்பதுகளின் கடைசி அது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் அவருக்கு வேலை. அந்த வார்டில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஊர்தான் பெயர். கம்பத்துப் பாப்பா, பொன்னேரிப் பையன், விழுப்புரத்தான். நோயின் பெயரை மட்டும் பிள்ளைகள் முன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். 'ரத்தத்துல கோளாறு' என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் 'கவுண்ட்' என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது. கைநாட்டு வைக்கும் அம்மாக்கள்கூட விடிந்ததும் விடியாததுமாக வந்து, "இன்னைக்கு கவுண்ட் ஏறிச்சா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். வெள்ளை அணுக்கள் ஏறினால் அன்றைக்கு முகத்தில் சிரிப்பு. இறங்கினால் முகமூடி, வெந்நீர், வெளிச் சாப்பாட்டுக்குத் தடை.

லுக்கேமியாவுக்கு வைத்தியம் இரண்டரை, மூன்று வருடம் இழுக்கும். அதில் முக்கியமான மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. வார்டுக்குப் பின்னால் அந்தச் செடி யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே பூத்துக் கிடந்தது. பத்தடி தள்ளி, சுவருக்கு உள்ளே, அதே செடியின் சாரத்தைப் பிள்ளைகளின் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தென் மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் பயிர் செய்து ஏற்றுமதியும் செய்கிறார்கள். இதை டாக்டர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து, அம்மாக்கள் சிலர் குழாயடிக்குப் போகும்போது அந்தச் செடிகளுக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்த வைத்தியத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. அது கிளப்பும் பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கன்னம் உப்பிய பிள்ளைகள் நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்து பரோட்டா கேட்கும், மீன் குழம்பு கேட்கும், இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே அடுத்து தோசை கேட்கும். கம்பத்துப் பாப்பா இரண்டு மணிக்கு எழுந்து எலுமிச்சை சாதம் கேட்டு அழுத ராத்திரியில், டூட்டியில் இருந்த சிஸ்டர் மறுநாள் காலை தன் குவார்ட்டர்ஸில் கிளறி, சூடு ஆறுமுன் கொண்டுவந்து கொடுத்தார். பாப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்க அம்மாச்சி செய்யுறது மாதிரி இல்ல" என்றது. அந்த வார்டில் நிறைவேறிய முதல் ஆசை அதுதான், நிறைவேறியது என்று சொல்ல முடியுமானால்!

வார்டில் இருக்கும் பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒரு முடிவும் கிடையாது. எப்போது ஊசி, எந்தக் கையில், எப்போது முதுகில் ஊசி, என்ன சாப்பாடு, யார் வந்து பார்க்கலாம், எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். 'உனக்கு என்ன வேணும்?' என்ற கேள்வி அங்கே அபூர்வம். கேட்டாலும் பிஸ்கட்டா ரொட்டியா என்பதோடு முடிந்துவிடும். சிஸ்டர் அதை விழுப்புரத்தானிடம் கேட்டது ஊசி போடும்போது பேச்சை மாற்றத்தான். நரம்பு கிடைக்காமல் மூன்றாவது இடத்தில் குத்திக்கொண்டிருந்தபோது, "பெரியவனாயி என்னடா ஆவப்போற?" என்றார்.

"பெரியவனாயி இல்ல. இப்பவே கண்டக்டர் ஆவணும்."

அவனுக்கு எட்டு வயது. மொட்டைத் தலை. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்துபோகும் ஒவ்வொரு முறையும் நடத்துநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவானாம். விசில் ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். இவ்வளவு பெரிய வண்டியை ஒருவர் வாயாலேயே நிறுத்துகிறார், கிளப்புகிறார் என்பது அவனுக்குத் தீராத அதிசயம்.

நடக்கும் காரியமா? கவுண்ட் தரையில் கிடந்தது. கூட்டத்துக்குள் போகவே கூடாது. ஆனால் வார்டு அட்டெண்டரின் மச்சான் விழுப்புரத்தில் நடத்துநர். அப்போது அது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். கழகங்களின் தலைவர் பெயர்களெல்லாம் 1997இல் எடுக்கப்பட்டு ஒரே பெயர் ஆனது பிற்பாடு. மச்சானிடம் விஷயம் போயிற்று. அவர் தோல் பையும் காக்கிச் சட்டையும் கொண்டுவரச் சம்மதித்தார். டிக்கெட் கட்டை மட்டும் தர முடியாது என்றுவிட்டார். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கிறது, ஒரு கட்டு தொலைந்தாலும் அவர் தலையில்தான் விடியும். பஸ்ஸில் கிழித்துப் போட்டவற்றைப் பெருக்கி எடுத்து வரட்டுமா என்று கேட்டார். சிஸ்டர் பதறிப்போய் வேண்டாம் என்றார்.

ஆகவே டிக்கெட்டை வார்டிலேயே அடித்தார்கள். அட்டெண்டர் பாண்டி பஜாரில் ரோஸ், பச்சை, மஞ்சள் காகிதம் வாங்கிவந்தார். ஆயாம்மாக்கள் வெட்டினார்கள். விழுப்புரத்தான் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்பர் இல்லியே, செக்கர் வந்தா புடிச்சுருவாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி டூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர், பரிசோதனைக்கூடத்தில் இருந்த எண் முத்திரையைக் கடன் வாங்கி, விடியவிடிய ஒவ்வொரு தாளிலும் குத்தினார். மறுநாள் ரவுண்ட்ஸில் அவர் விரலெல்லாம் ஊதா மை. பெரிய டாக்டர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

விசில் விவகாரம் தனி. வாயில் வைப்பதாயிற்றே என்று சிஸ்டர் புது விசிலை, கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர் டப்பாவில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார். உள்ளே இருந்த தக்கை உருண்டை ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டது. ஊதினால் வெறும் காற்று. அட்டெண்டர் மறுபடி ஓடிப்போய் இன்னொன்று வாங்கிவர, அதை ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்ததோடு விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி கிளம்பியது. முதல் கட்டில் தாம்பரம். அடுத்தடுத்து செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், திண்டிவனம், விக்கிரவாண்டி. கடைசிக் கட்டில் விழுப்புரம், அது அவனுடையது. மச்சானின் காக்கிச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தோல் பை இடுப்பைத் தாண்டி இடித்தது. டிரிப்ஸ் ஸ்டாண்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டே கட்டில் கட்டிலாகப் போனான். மச்சான் பின்னாலேயே நடந்து, காசை எண்ணி வாங்கச் சொல்லிக்கொடுத்தார். செங்கல்பட்டில் ஐந்து நிமிடம் வண்டி நின்றது, ஏனென்றால் அந்தக் கட்டில் பையனுக்கு வாந்தி. ஆயாம்மா துடைத்து முடித்ததும் இரட்டை விசில்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதே இல்லை. விழுப்புரத்தான் அசரவில்லை. "சார், எங்க போவணும்?" என்றான். அவர் யோசித்து, "மேல்மருவத்தூர்" என்றார். பத்து ரூபாய்த் தாளை நீட்டியதற்கு, "இப்படி எல்லாரும் நோட்டை நீட்டுனா நான் சில்லறைக்கு எங்க சார் போறது?" என்று ஒரு அதட்டல். அந்த அதட்டலில் விழுப்புரம் டெப்போ முழுவதும் இருந்தது என்று மச்சான் பின்னால் பெருமையாகச் சொன்னார். சிஸ்டர் திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். அவனே வைத்த கட்டணம் நாலரை ரூபாய். ஐந்து ரூபாய் கொடுத்தார். அவன் ரோஸ் டிக்கெட்டைக் கிழித்து, பின்பக்கம் '50 பை' என்று எழுதி வட்டம் போட்டு நீட்டினான். "எறங்கறப்போ வாங்கிக்குங்க."

அதுதான் அந்தப் பாக்கி.

அவன் என்ன ஆனான் என்பது சிஸ்டருக்குத் தெரியாது. நன்றாகத் தேறித்தான் வீட்டுக்குப் போனான். சில மாதங்கள் சரியாக வந்தான். பிறகு வருகை தள்ளிப்போயிற்று, அப்புறம் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அது சாதாரணம். ஊரிலிருந்து வந்துபோகும் செலவு, அறுப்பு நேரம், 'பிள்ளை நல்லாத்தானே இருக்கான்' என்ற நினைப்பு, அடகுக்குப் போன தாலி. காப்பீட்டுத் திட்டமெல்லாம் இல்லை. தமிழ்நாட்டு அரசு அதைக் கொண்டுவந்தது 2009இல். வார்டிலிருந்து அஞ்சலட்டை போட்டார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க விழுப்புரம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் நடத்துநரின் முகத்தை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

2021 ஜனவரி 19ஆம் தேதி டாக்டர் சாந்தா மறைந்தார். முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1955இல் சேர்ந்து, கடைசி வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டவர். சென்னையில் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும், எந்த மருத்துவமனையாக இருந்தாலும், அது வீட்டுச் சாவுதான். செவிலியர் அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைகளைத் தேடித்தேடி வாசித்தார். ஐந்து நாள் கழித்து, 24ஆம் தேதி, அமெரிக்காவில் பிராங்க் ஷாங்க்விட்ஸ் என்ற முன்னாள் மோட்டார்சைக்கிள் போலீஸ்காரர் இறந்துபோனார். அந்தச் செய்தி யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. செவிலியர் கண்ணில் பட்டது. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரம், 1980. கிறிஸ் என்ற ஏழு வயதுச் சிறுவன், லுக்கேமியா. நெடுஞ்சாலை மோட்டார்சைக்கிள் போலீஸ் பற்றிய 'சிப்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் அவனுக்குப் பைத்தியம். போலீஸ்காரன் ஆக வேண்டும், அதுவும் இப்போதே. குடும்பத்துக்குத் தெரிந்த சுங்கத்துறை அதிகாரி ஒருவர் மாநிலப் போலீஸில் இருந்த நண்பரிடம் பேசினார். ஏப்ரல் 29ஆம் தேதி ஹெலிகாப்டரில் ஏற்றிக் காவல்துறைத் தலைமையகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மோட்டார்சைக்கிளோடு காத்திருந்தவர் ஷாங்க்விட்ஸ். கௌரவக் காவலராகப் பதவிப் பிரமாணம் ஆயிற்று. சீருடை தைக்கும் கடையில் இரண்டு பெண்கள் ராத்திரி கண்விழித்து அவன் அளவுக்கு உடுப்புத் தைத்தார்கள். மோட்டார்சைக்கிள் காவலர்கள் சட்டையில் குத்தும் இறக்கைச் சின்னமும் வேண்டும் என்றான். அதற்குத் தேர்வு உண்டே! பேட்டரியில் ஓடும் தன் சின்ன வண்டியை ஓட்டித் தேர்வில் தேறினான். சின்னம் செய்து வருவதற்குள் மறுபடி மருத்துவமனை. படுக்கையிலேயே அதை வாங்கிக்கொண்டான். மே 3ஆம் தேதி இறந்துபோனான். இல்லினாய் மாநிலத்தில் போலீஸ் மரியாதையோடு அடக்கம் நடந்தது.

ராத்திரி கண்விழித்துத் தைத்த அந்த இரண்டு பெண்களைப் படித்த இடத்தில் செவிலியருக்கு ஹவுஸ் சர்ஜனின் ஊதா விரல்கள் நினைவுக்கு வந்தன. எந்த ஊரிலும் இந்த வேலை ராத்திரியில்தான் நடக்கிறது போலிருக்கிறது.

அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய ஷாங்க்விட்ஸும் அவரோடு இருந்தவர்களும் இதை மற்றப் பிள்ளைகளுக்கும் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். ஒரு மளிகைக்கடை மேலாளர் கொடுத்த 15 டாலர்தான் முதல் நன்கொடை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அமைப்பு பதிவானது. அதுதான் 'மேக்-எ-விஷ்'. அடுத்த வருடம் அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பிள்ளையும் ஏழு வயதுதான், பாப்சி என்பது செல்லப்பெயர். தீயணைப்பு வீரனாக வேண்டும், டிஸ்னிலாண்ட் போக வேண்டும், வெப்பக்காற்று பலூனில் பறக்க வேண்டும் என மூன்று ஆசை சொன்னான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றையும் செய்தார்கள். பின்னால் அவன் மருத்துவமனையில் கிடந்தபோது, ஃபீனிக்ஸ் தீயணைப்பு வீரர்கள் ஏணி போட்டு ஏறி ஜன்னல் வழியாக அவன் அறைக்குள் வந்தார்கள்.

இந்தியாவில் அந்த அமைப்பு 1996இல் வந்தது. இன்று உலகம் முழுக்க நிறைவேறிய ஆசைகள் 5 லட்சத்துக்கு மேல். மல்யுத்த வீரர் ஜான் சீனா மட்டும் 650 பிள்ளைகளைச் சந்தித்து 2022இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். வார்டு டிவியில் மல்யுத்தம் ஓடினால் ரிமோட்டை யாரும் தொட முடியாத காலத்தைப் பார்த்தவர் என்பதால், செவிலியருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவர் காலத்து ஆண் பிள்ளைகள் ரஜினியைக் கேட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு, இப்படி ஆசைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போகும் இளைஞர்களுக்கு ஒத்தாசையாக அவ்வப்போது மருத்துவமனைக்குப் போய்வருகிறார். பிள்ளைகளின் விருப்பங்களை அவர்கள் பிரித்து வைத்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்றாக 'ஆகணும்', ஒன்று 'வேணும்', ஒருவரைப் 'பார்க்கணும்', ஓர் இடத்துக்குப் 'போகணும்'. மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை. முதலில் டாக்டர் சம்மதிக்க வேண்டும். அதைவிடக் கடினம் அம்மாக்களைச் சமாளிப்பது.

டி-ஷர்ட் போட்ட இரண்டு பேர் வந்து, சிரித்த முகத்தோடு "பாப்பாவுக்கு என்ன ஆசை?" என்று கேட்டால் எந்த அம்மாவுக்கும் அடிவயிறு கலங்கும். கடைசி ஆசையைத்தான் அப்படிக் கேட்பார்கள் என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். பத்திரிகைகளும் அப்படித்தான் தலைப்புப் போடுகின்றன. சேலத்து அம்மா ஒருவர் படிவத்தைக் கையால் தொடக்கூட மறுத்துவிட்டார். "டாக்டரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே, நீங்க மட்டும் ஏன் வந்து கேக்கறீங்க?" என்று அழுதார். செவிலியர் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், சான்பிரான்சிஸ்கோ கதையைச் சொன்னார். இப்போதெல்லாம் அவர் எல்லா அம்மாக்களுக்கும் சொல்வது அதுதான்.

2013 நவம்பர் 15. லுக்கேமியாவுக்கு வைத்தியம் முடித்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் பேட்மேன் ஆக ஆசைப்பட்டான். சான்பிரான்சிஸ்கோ நகரமே ஒருநாள் பேட்மேன் கதையில் வரும் காதம் நகரமாக மாறியது. லம்போர்கினி கார் பேட்மொபைல் ஆயிற்று. டிராம் தண்டவாளத்தில் கட்டிப்போட்டிருந்த பெண்ணை அவன் மீட்டான், வில்லன்களைப் பிடித்துக் கொடுத்தான். மேயர் நகரத்தின் சாவியைக் கொடுத்தார். உள்ளூர் நாளிதழ் 'காதம் சிட்டி கிரானிக்கிள்' என்று தனிப் பதிப்பே போட்டது. தெரு நிறைய ஆயிரக்கணக்கில் ஜனம். ஐந்து வருடம் கழித்து, 2018இல், அவன் நோயில்லாமல் இருக்கிறான் என்று அமைப்பு அறிவித்தது.

"அந்தப் பையனுக்கு நல்லாயிடுச்சா?" என்று சேலத்து அம்மா இரண்டு தடவை கேட்டார். அப்புறம்தான் கையெழுத்து.

நம் பக்கமும் காக்கிக்குத்தான் மவுசு. 2014 அக்டோபரில் கரீம்நகரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருநாள் ஹைதராபாத் நகரப் போலீஸ் கமிஷனர் ஆனான். கமிஷனர் மகேந்தர் ரெட்டி தன் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்துப் பக்கத்தில் நின்றார். ஆசை நிறைவேறுவதால் உடம்புக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கும் டாக்டர்களும் உண்டு. அவர்களுக்காக ஓஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று கணக்கெடுத்து, 2019இல் மருத்துவ இதழில் வெளியிட்டது. ஆசை நிறைவேறிய 496 பிள்ளைகளையும் அதே நிலையில் இருந்து ஆசை நிறைவேறாத 496 பிள்ளைகளையும் இரண்டு வருடம் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டம் திடீரென்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்டது குறைவு. காரணம் இன்னதென்று கறாராகச் சொல்ல அந்த ஒரு ஆய்வு போதாது. ஆனாலும் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்கும் டாக்டர்களிடம் அது வேலை செய்கிறது.

அம்மாக்களைத் தாண்டினால் அப்பாக்கள். ஆசையைக் கேட்கும்போது பெற்றவர்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒன்பது வயதுப் பையன், உள்ளே வந்ததும் மனப்பாடப் பாட்டு மாதிரி "லேப்டாப் வேணும்" என்றான். என்ன லேப்டாப் என்றதற்குக் கதவைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் அப்பாவின் செருப்பு தெரிந்தது. செவிலியர் வெளியே போய், "சார், கேன்டீன்ல டீ நல்லாருக்கும், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு வந்தார்.

அதன் பிறகும் பையன் உடனே வாய் திறக்கவில்லை. படம் வரையச் சொன்னார்கள். நாலு கால், ஒரு வால், தொங்கும் காது.

"நாய்க்குட்டியா?"

"ஆடு. ஆச்சி வீட்டுல கட்டணும்."

இளைஞர்கள் முழித்தார்கள். படிவத்தில் 'ஆடு' என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. டாக்டர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை ஆட்டுப் புழுக்கையோடு புழங்குவதாவது, வைத்தியம் முடியும்வரை கிட்டேயே போகக்கூடாது என்றார். பையன் பேரம் பேசினான். ஆடு ஆச்சியிடம் இருக்கட்டும், தினமும் போனில் பார்ப்பேன், மாத்திரையெல்லாம் முடிந்ததும் போய்ப் பிடித்துக்கொள்வேன். டாக்டர் ஒப்புக்கொண்டார். அருப்புக்கோட்டைச் சந்தையில் குட்டி ஒன்று வாங்கினார்கள். பெட்டை. பையன் அதற்கு தோனி என்று பெயர் வைத்தான். ஊசி போடும் நாட்களில் ஆச்சி செல்போனை ஆட்டின் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது கத்தும். வார்டில் பக்கத்துக் கட்டில் பிள்ளைகளும் எட்டிப்பார்க்கும்.

மாத்திரை முடிந்து பையன் ஊருக்குப் போய்விட்டான். இப்போது பரிசோதனைக்கு மட்டும் வருகிறான். போன முறை ஆச்சியும் கூட வந்திருந்தார். தோனி இரண்டு குட்டி போட்டிருப்பதாகச் செவிலியரிடம் படம் காட்டினான். அப்பா வழக்கம்போல், "லேப்டாப்பா கேட்டிருந்தா இந்நேரம் படிப்புக்காச்சும் ஆயிருக்கும் சிஸ்டர்" என்று ஆரம்பித்தார்.

ஆச்சி வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, லேப்டாப்பு குட்டி போடுமா?"